காலடிக்கு ஏற்ற தாளம்: இசையோடு அசைதல் மாற்றுத்திறனாளிகளுக்கு எப்படி உதவுகிறது?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு கைத்தடியின் துணையோடு நடக்கத் தொடங்கினார். ஆனால் வலது கால் ஒரு சமயம் அவசரமாக முன்னால் வரும். ஒரு சமயம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இடது அடி நீளமாக விழும், வலது அடி குட்டையாக விழும். அவருடைய பேரன், மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்கள் நடத்தும் சனிக்கிழமை இசையசைவு வகுப்புக்கு வருகிறவன். ஒருநாள் அவனைக் கூட்டிவந்த அவருடைய மகள் என்னிடம் கேட்டார்: "டீச்சர், தம்பிக்குத் தட்டுகிற மாதிரி அப்பாவுக்கும் தட்டிப் பார்க்கலாமா?"

எங்களோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் முதலில் தாளம் எதுவும் போடவில்லை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பெரியவரைச் சும்மா நடக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் 52 அடி. தாளம் தட்டும் கைபேசிச் செயலியில் அதே 52-ஐ வைத்து மேசைமேல் கிடத்தினார். டக், டக் என்று அது ஒலித்துக்கொண்டிருக்க, பெரியவர் சற்று நேரம் நின்று கேட்டார். "தறியில் நாடா போய் வருகிற சத்தம் மாதிரி இருக்கிறதம்மா" என்றார். பிறகு நடந்தார். கைத்தடி கையிலேயேதான் இருந்தது, வேகமும் கூடவில்லை. ஆனால் கூடத்தின் அந்தக் கோடிவரை இரண்டு அடிகளும் ஏறக்குறைய ஒரே அளவாக விழுந்தன. அவருடைய மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சில நிமிடங்களுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றியது. இசையோடு அசையும் பயிற்சி என்றால் என்ன, அது யாருக்கு, எப்படிப் பயன்படுகிறது என்பதை, இதைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படும் பெற்றோருக்கும் உறவினர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

நடப்பது நமக்கு யோசனையே இல்லாமல் நடக்கிற வேலை. எப்போது காலைத் தூக்குவது, எப்போது ஊன்றுவது என்ற நேரக் கணக்கை மூளை தானாகவே பார்த்துக்கொள்கிறது. பக்கவாதத்தில் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. பார்க்கின்சன் நோயில், மூளையின் ஆழத்தில் அசைவுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. நன்றாக நடந்து வந்தவர் வாசற்படி அருகே திடீரென்று உறைந்து நின்றுவிடுவதுண்டு. உள்ளிருந்து வரவேண்டிய நேரம் வராதபோது, அதைக் காது வழியாக வெளியிலிருந்து கொடுக்கலாம் என்பதுதான் இங்கே அடிப்படை. மூளையில் கேட்கும் பகுதிக்கும் உடலை அசைக்கும் பகுதிக்கும் இடையே நெருங்கிய போக்குவரத்து உண்டு. ஒருவரை அசையாமல் படுக்கவைத்துத் தாளத்தை மட்டும் கேட்கச் செய்து மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அசைவுக்கான பகுதிகளும் சேர்ந்து விழித்துக்கொள்வது தெரிகிறது. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்கும்போது, பூச்சட்டி எடுக்க வந்தவர்கள் மட்டுமா அசைகிறார்கள்? ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவரின் கட்டைவிரலும் செருப்புக்குள் அசைந்துகொண்டுதான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. சீரான தாளத்துக்குக் கைதட்டும்போது, நாம் ஒலி விழுந்த பிறகு தட்டுவதில்லை. பெரும்பாலும் அது விழுவதற்கு ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு முன்பாகவே தட்டிவிடுகிறோம். அடுத்த அடி எப்போது வரும் என்று உடம்பு முன்கூட்டியே அறிந்துவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று. "காலை எடு, காலை எடு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் தாளத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். கட்டளை காதில் விழுந்த பிறகுதான் அதற்கான அசைவு தொடங்க முடியும். தாளமோ, தயாராவதற்கான அவகாசத்தையும் சேர்த்தே கொடுக்கிறது.

பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளின் நடைக்குத் தாளத்தைப் பயன்படுத்தும் இந்த முறைக்கு ரிதமிக் ஆடிட்டரி ஸ்டிமுலேஷன் என்று பெயர். தமிழில் தாள ஒலித் தூண்டல் என்று சொல்லலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தௌட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதை முறைப்படுத்தினார்கள். 1996-இல் பார்க்கின்சன் நோயாளிகள் பற்றியும், 1997-இல் பக்கவாதம் வந்தவர்கள் பற்றியும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், வாரக்கணக்கில் நாள்தோறும் தாளத்தோடு நடந்தவர்களின் நடைவேகமும் அடியின் நீளமும் கூடியிருந்தன. இந்த முறையின் முதல் விதி எளியது: அவரவர் இயல்பாக நடக்கும் வேகத்தில் தொடங்க வேண்டும். அது படிந்த பிறகு 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம். நம் நெசவாளருக்கு 52 என்பது சில வாரங்கள் கழித்து 55 ஆனது. எடுத்த எடுப்பில் 80 வைத்திருந்தால் அவர் தடுமாறி விழுந்திருப்பார்.

தாளம் முதலில் ஆளைத் தேடிப் போக வேண்டும். பிறகுதான் ஆளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வர முடியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒன்றுதான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சிறப்புக் கல்வியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்காக எங்கள் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தேன். பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அசைவுகளை வரிசையாக அமைத்து, பெரிய ஒலிபெருக்கியும் கொண்டுவந்தோம். முதல் அடி மேளம் விழுந்ததும், மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஒரு பெண்குழந்தையின் உடம்பு முழுவதும் விறைத்துக்கொண்டது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, தலை பின்னால் சாய்ந்து, சக்கர நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. மற்ற குழந்தைகள் பாட்டைப் பிடிக்கத் திண்டாடினார்கள். பாட்டோ யாருக்காகவும் நிற்கவில்லை. மேளத்துக்குத் தோல் இருக்கிறது, அதைத் தட்ட எனக்குக் கை இருக்கிறது, அந்தக் கையால் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, வகுப்பின் முதல் பாதியில் நான் பதிவு செய்த பாட்டு எதையும் போடுவதில்லை.

இதே உண்மையை 1959-இல் இங்கிலாந்தில் இரண்டு பேர் கண்டறிந்திருக்கிறார்கள் என்று பின்னால்தான் படித்தேன். பால் நார்டாஃப் ஓர் அமெரிக்க இசையமைப்பாளர். கிளைவ் ராபின்ஸ் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர். சன்ஃபீல்ட் என்ற இல்லத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். குழந்தை அழுதால் அந்த அழுகையின் சுருதியையே பியானோவில் பிடிப்பார் நார்டாஃப். குழந்தை முன்னும் பின்னும் ஆடினால் அந்த ஆட்டத்தின் வேகமே தாளமாகிவிடும். தன் அசைவுக்கு வெளியிலிருந்து பதில் வருகிறது என்று குழந்தை உணரும் கணத்திலிருந்து அங்கே உரையாடல் தொடங்கிவிடுகிறது. அவர்கள் பெயரால் வழங்கும் இசைச் சிகிச்சை முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவர்களுக்கும் முன்னால், ஜெனீவாவில் இசை கற்பித்த எமில் ஜாக் தால்குரோஸ் என்பவர் தம் மாணவர்களிடம் ஒரு குறையைக் கண்டார். இசை இலக்கணத்தைத் தாளில் பிழையில்லாமல் எழுதியவர்களால் தாளத்தோடு சீராக நடக்க முடியவில்லை. தாளத்தை உடம்பு வழியாகக் கற்பிக்க அவர் உருவாக்கிய யூரித்மிக்ஸ் முறையின் சாயல், பின்னால் வந்த இசையசைவு வகுப்புகள் பலவற்றில் தெரிகிறது.

நம் ஊரில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் ஒரு தெளிவு தேவை. இசைச் சிகிச்சை என்பது அதற்கென்று படித்துப் பயிற்சி பெற்றவர், ஒவ்வொருவருக்கும் ஒரு குறிக்கோள் வைத்து, முன்னேற்றத்தை அளந்து செய்வது. தாள ஒலித் தூண்டல் போன்றவற்றை அதில் பயிற்சி உள்ள சிகிச்சையாளர்கள் மறுவாழ்வுப் பயிற்சியின் பகுதியாகச் செய்கிறார்கள். மூன்றாவது, எங்களுடையதைப் போன்ற குழு வகுப்பு. இசை கேட்டு, சேர்ந்து அசைந்து, மகிழ்ச்சியாக இருந்துவிட்டுப் போவது. இதில் உடலுக்கும் மனத்துக்கும் நன்மை கிடைக்கிறது. ஆனால் இதைச் சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். எவராவது நான்கு நாள் பயிற்சி முடித்துவிட்டு "இசையால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம்" என்று விளம்பரம் செய்தால், பணத்தைக் கட்டாமல் திரும்பி வாருங்கள். அது பொய்.

எங்கள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை காலை பத்தரை மணி. சாய்தளம் உள்ள, தரைமட்டத்தில் ஒரு கூடம். வட்டமாக உட்காருவோம், நாற்காலியில் இருப்பவர்கள் நாற்காலியில், பாயில் இருப்பவர்கள் பாயில். சக்கர நாற்காலிகளின் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். முதல் வேலை பெயர் தட்டுவது. மூன்றெழுத்துப் பெயர் என்றால் தகிட. நான்கெழுத்து என்றால் தகதிமி. ஒவ்வொருவர் பெயரையும் மேளத்தில் தட்டி, வட்டம் முழுவதும் அதைத் திருப்பித் தட்டும். பேச்சு வராத பையன் ஒருவன் இருக்கிறான். அவன் முறை வரும்போது மேளத்தை அவன் மடியருகே பிடித்துக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ணுவேன். சில நாள் பதினைந்து, இருபதுகூட ஆகும். அவன் கை மெதுவாக எழுந்து தோலின்மேல் ஒரு முறை விழும். அவ்வளவுதான், பதில் வந்துவிட்டது. அந்தக் காத்திருப்பைக் குறுக்கிவிடாதீர்கள் என்று உதவிக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். கையைப் பிடித்து நாமே தட்டிவிட்டால் அது நம் அடி, அவனுடையதாகாது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போனது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தாய் வீட்டிலிருந்தபடி கொலுசு வேலை செய்பவர். கழித்துப்போட்ட சலங்கை மணிகளைக் கொண்டுவந்து, அகலமான எலாஸ்டிக் பட்டையில் ஒவ்வொன்றையும் இரட்டை நூலால் இறுகத் தைத்து, மணிக்கட்டில் மாட்டும் பட்டைகள் செய்து கொடுத்தார். இரட்டைத் தையல் கட்டாயம். அறுந்து விழுந்த மணியைக் குழந்தை வாயில் போட்டுவிடும். அவருடைய மகளுக்கு இடது கை வலுக்குறைவு. எல்லா வேலையையும் வலது கையாலேயே செய்து முடித்துவிடுவாள். இடது கை மடியில் சுருண்டு கிடக்கும். பட்டையை இடது கையில் மட்டும் மாட்டினோம். தற்செயலாக அந்தக் கை அசைந்தபோது மணி ஒலித்தது. அவள் திரும்பித் தன் கையைப் பார்த்தாள். மறுபடி அசைத்தாள். யாரும் "இடது கையை அசை" என்று சொல்லவில்லை. அந்தக் காலை வேளையில் அவள் அதை எத்தனை முறை அசைத்தாள் என்று எண்ணத் தொடங்கிய இயன்முறை மருத்துவர், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

நடைக்கு நான்கு எண்ணிக்கை. ஊஞ்சல்போல ஆடுவதற்கு மூன்று. நம் தாள முறை இதற்கு அழகாகக் கைகொடுக்கிறது. தகதிமி தகதிமி என்று நடந்தால் அழுத்தமான முதல் அடி எப்போதும் ஒரே காலில் விழும். தகிட தகிட என்று நடந்தால் அழுத்தம் ஒரு முறை வலது காலில், அடுத்த முறை இடது காலில் என்று மாறி மாறி விழும். ஒரு காலுக்குச் சலுகை கொடுக்கப் பழகிவிட்டவர்களிடம், கொஞ்சம் தேறிய பிறகு, இந்த மூன்றை முயன்று பார்க்கலாம். முதலில் குழப்பமாக இருக்கும், அவசரப்படுத்தக் கூடாது. இதற்குக் கர்நாடக இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாயால் சொற்கட்டுச் சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்தது நிறுத்தும் விளையாட்டு. மேளம் ஒலிக்கும்வரை அசைவு. நின்றதும் எல்லோரும் சிலை. பார்க்க எளிது. ஆனால் ஓடத் தொடங்கினால் நிற்கத் தெரியாத குழந்தைக்கு, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் திறனை இதைவிட மகிழ்ச்சியாகக் கற்றுக்கொடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு மேளத்தை அவர்களிடமே கொடுத்துவிடுவோம். அவர்கள் நிறுத்தினால் நாங்கள் சிலை. பெரியவர்கள் பத்துப் பேரை ஒரு கையசைவால் நிறுத்திவைக்கும் அதிகாரம் அந்தப் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கிறது? கடைசியில் ஒரு பழைய பருத்திச் சேலையை விரித்து, எல்லோரும் ஓரங்களைப் பிடித்து, மூச்சோடு ஏற்றி இறக்குவோம். அதற்கடியில் படுத்திருப்பவர்களின் முகத்தில் காற்று வந்து போகும். தம்பூரா ஒலி மட்டும். பத்து நிமிடத்தில் கூடம் அடங்கிவிடும்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் கவனிக்க வேண்டியது வேறு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் திடீர்ச் சத்தம் உடலை விறைக்கச் செய்யும். ஒலியைத் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும், தாளமும் மெதுவாக இருக்க வேண்டும். விறைத்த தசை தளர்ந்து அசைவு வர நேரமாகும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிவது பெரிய ஆறுதல். அதனால் வகுப்பின் வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை, அதைப் படங்களாகச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். சத்தம் தாங்க முடியாமல் போனால் எழுந்து போக ஒரு மூலை வேண்டும். அங்கே போய் உட்கார்ந்தவனைத் திரும்ப அழைக்கக் கூடாது. அவன் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருப்பான். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையேயான பிணைப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலையை வேகமாக ஆட்டுவது ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்காமல் செய்யவைக்கக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் இருக்கும் கூடத்தில் மின்னி மின்னி அணையும் வண்ண விளக்குகள் கூடவே கூடாது. மேடை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

காது கேளாதவர்களுக்கு இசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாள இசைக் கலைஞர் எவலின் கிளெனி, பன்னிரண்டு வயதளவில் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வைப் பாதத்தில் உணர்வதற்காகச் செருப்பில்லாமல் மேடையில் நின்று வாசிக்கிறார். எங்கள் கூடத்தில் ஒரு பழைய மரக் கட்டிலின் பலகையைத் தரையில் போட்டு வைத்திருக்கிறோம். அதன் ஒரு முனையில் மேளத்தை வைத்து அடித்தால் மறுமுனையில் வெறுங்காலோடு நிற்கும் பெண்ணுக்குத் தாளம் உள்ளங்காலில் ஏறுகிறது. சிமெண்டுத் தரையில் இது வராது. பார்வையற்றவர்களுக்கு ஒலி திசையாகிறது: கூடத்தின் நான்கு மூலைகளில் நான்கு விதமான ஒலிகள், எந்த ஒலி வருகிறதோ அந்த மூலையை நோக்கி நடை. பாதையில் பை, செருப்பு எதுவும் கிடக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

பெரியவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் நடைமுறையில் பதினெட்டாவது பிறந்தநாளோடு பள்ளிக் கதவு மூடுகிறது. அதன் பிறகு வீட்டுத் திண்ணை, தொலைக்காட்சி, அம்மா. என் வகுப்பில் முப்பத்து நான்கு வயதான ஒருவர் இருக்கிறார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். முன்பு போய்வந்த ஓரிடத்தில் அவருக்கு மழலைப் பாட்டுப் பாடி, வாத்தைப்போல நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்த முதல் நாள், என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டோம். தம் அண்ணன் கேட்கும் பழைய திரைப்பாட்டு ஒன்றைச் சொன்னார். அதைப் போட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடினார். மீசை வைத்த ஆணுக்கு மீசை வைத்த ஆணின் பாட்டு வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

வயதானவர்களுக்கான குழு ஆட்டத்துக்கு நல்ல முன்மாதிரி ஒன்று 2001-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கியது. மார்க் மாரிஸ் நடனக் குழு, பார்க்கின்சன் நோயாளிகளுக்காக நடத்தும் வகுப்பு அது. அங்கே வருபவர்களை நோயாளிகள் என்று அழைப்பதில்லை. நடனம் கற்பவர்களாகவே நடத்துகிறார்கள். அந்த மரியாதை மட்டும் இங்கே வந்தாலே போதும், மேளதாளம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு: நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் மேளம் தயார். முதல் நாள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிள்ளை தானாக என்ன அசைவு செய்கிறான் என்று பாருங்கள்; தலையை ஆட்டுகிறானா, விரலைச் சுண்டுகிறானா, காலை உதைக்கிறானா. அந்த அசைவின் வேகத்திலேயே வாளியைத் தட்டுங்கள். அவன் வேகம் மாறினால் நீங்களும் மாறுங்கள், நின்றால் நில்லுங்கள். சில நாளில், தான் நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவான். அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று நிற்பான். அதன் பிறகு நீங்கள் மெல்ல வேகத்தை மாற்றிப் பாருங்கள், பின்தொடர்கிறானா என்று. ஒலி, அதற்கு மேலாகக் குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் இருக்க வேண்டும். முகம் சுளித்தாலோ, வலி தெரிந்தாலோ, உடம்பு விறைத்தாலோ நிறுத்திவிடுங்கள். அறுவை சிகிச்சை ஆனவர்கள், எலும்பு வலுக்குறைந்தவர்கள், அடிக்கடி விழுகிறவர்கள் இயன்முறை மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்றால், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புக் கல்வியாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை முதல் பயணச் சலுகை வரை கேட்டறியலாம். பல வகைக் குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம் மதிப்பீடும் பயிற்சியும் தருகிறது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வகுப்புக்கு வருவது நடக்காத காரியம். ஊரிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும். பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகள். உள்காதில் சமநிலை உணர்வு எளிதில் கலங்கும் குழந்தை அடிவாரம் சேர்வதற்குள் வாந்தியெடுத்துச் சோர்ந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை நாங்கள் மேலே போகிறோம். அங்கே ஒரு மலையாளிக் குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். மலையாளி என்றால் இங்கே மலையில் வாழும் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ்தான். ஆட்டிசம் உள்ள பையன். பேச்சில்லை, யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு முறை என் மேளத்தைக் கண்டாலே வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

மூன்றாம் முறை போனபோது அவனுடைய பாட்டி வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். தட், தட், ஒரு சரிப்பு. தட், தட், ஒரு சரிப்பு. அவன் திண்ணை ஓரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். மேளத்தைப் பையிலிருந்து எடுக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டி தட்டும்போது அவன் அடி வைத்தான்; சரிக்கும்போது நின்றான். "பாட்டி, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நிறுத்தினார். அவனும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். "இவன் எப்போதும் இப்படித்தான் சாமி, நான் புடைத்தால் நடப்பான்" என்றார் பாட்டி, அதில் ஒன்றும் விசேஷம் இல்லை என்பதுபோல. எத்தனை காலமாக என்று கேட்டேன். நடக்கத் தொடங்கிய நாள் முதலாம்.

அன்றைக்கு நான் மேளத்தை எடுக்கவே இல்லை. பாட்டியிடம் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், பிறகு கூட்டச் சொன்னேன். அவன் கூடவே வந்தான். நான்காவது முறை நிறுத்தியபோது அவர் மறுபடி தொடங்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பையன் திண்ணையிலிருந்து இறங்கி வந்தான். பாட்டியின் முகத்தைப் பார்த்தான். முறத்தின் விளிம்பைப் பிடித்து, ஒரு முறை அசைத்துவிட்டுக் காத்திருந்தான்.